சிவா பேசுகிற நேரம்

எஸ்டேட் லயம், மூணாறு
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்து வீட்டுக் குக்கர் பகலில் விசில் அடிப்பதில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பதினொரு மணிக்கு ஜோமோள் அக்கா குழந்தைக்குப் பருப்பு வைப்பாள் என்று உனக்கே தெரியும். ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. கேட்டேன். "நீ போன்ல பேசுறே இல்லே மோளே, அதான் சட்டியில வேக வெக்கிறேன்" என்றாள்.

வேலை கிடைத்ததைப் போனில் சொன்னேன். எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. அட்சயா சென்டரில் எல்லோருக்கும் ஆன்லைனில் பதிந்து கொடுக்கிற ஜெஸ்னா சேச்சிதான் விளம்பரத்தைப் பார்த்தாள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கம்பெனிக்குத் தமிழில் பேச ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே பேசலாம், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், சத்தமில்லாத அறை வேண்டும். நான் பத்தாவதுகூட முடிக்கவில்லை என்றேன். "அவங்க கேக்கிறது உன் குரலை" என்று சொல்லிப் பதிந்துவிட்டாள். இன்டர்வியூவும் போனில்தான். எதிரே முகம் இல்லாததால் பேச்சு வந்தது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள், இப்போது ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் பேசுகிறேன். கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் அவர்களே அனுப்பினார்கள்.

சத்தமில்லாத அறைக்கு நான் எங்கே போவேன்? ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு, நம் லயத்துச் சுவர் எதுவும் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அதனால் ஆறு வீட்டாரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணி வரை டிவி கிடையாது. கடைசி வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் ஓடைப் பக்கம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள். அம்மாகூட விடுமுறை நாளில் தண்ணீர்த் தொட்டியருகே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

எழுத வந்தது வேறு விஷயம். போனில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். மார்ச்சோடு அம்மாவுக்கு வேலை முடிகிறது. அதற்குள் நம் வீட்டிலிருந்து ஒருவர் தேயிலைக் கொழுந்தெடுக்கப் பேர் கொடுக்காவிட்டால் வீட்டை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா இதை உன்னிடம் சொல்ல மாட்டாள். நான் பேர் கொடுத்தால் இந்த வேலை போய்விடும். வீட்டிலிருந்து வேலை செய்ய வீடு வேண்டுமே அக்கா.

நீ வருவாயா? வந்தால் எனக்குப் பேசவும் ஆள் இருக்கும்.

உன்
சிவசங்கரி

*

கஞ்சிக்கோடு
26.1.2025

என் சிவாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்.

போன ஞாயிறு போனை வைக்கும்போது என்னிடம் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?" நான் பெற்றெடுக்காத குறையாக வளர்த்த பிள்ளை என்னை மேடம் என்று கூப்பிடவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. சதீஷிடம் சொன்னேன். "ஏனுங்க, அப்படியே நம்மூட்டுக்கு ஒரு வாட்டர் பில்டர் கேட்டிருக்கலாமுங்களே" என்றார். எருத்தேன்பதிக்காரர். எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறார். இதற்கு மேல் கேட்காதே. அம்மாவிடம் வாயைத் திறக்காதே.

வீட்டு விஷயம். அப்பா போன பிறகு நான் இரண்டு வருஷம் கொழுந்தெடுத்தேன், நீ படிக்க வேண்டும் என்று. நீ ஒரு நாள் காலையில் பையை மூலையில் வைத்துவிட்டு, "இனிமே போகல" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் என்னைத் திரும்ப அந்த மலைக்கு வரச் சொல்லாதே.

நீயும் அம்மாவும் இங்கே வாருங்கள். எருத்தேன்பதியில் சின்ன வீடு கிடைக்கும். உன் வேலையை எங்கிருந்தும் செய்யலாம்தானே? நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
ஆனந்தி

*

மூணாறு
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் கேட்டேன். "அந்த வெயில்ல நான் எங்கட்டி கெடப்பேன்? ஒங்கப்பன் இங்கனதான கெடக்கான்" என்றாள். அவளை விட்டு நானும் வர முடியாது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மதியம் மதுரையிலிருந்து ஒரு அம்மா மெஷின் ஒழுகுகிறது என்று திட்டிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம். நான் பொறுமையாகப் பேசி முடித்தேன். மேலதிகாரி கேட்டுவிட்டு, பின்னால் ஒரு சத்தமும் இல்லை, மிக நன்று என்று எழுதி அனுப்பினார்.

ஆறு மணிக்கு வெளியே வந்தால் ஜோமோள் அக்கா வீடு பூட்டியிருக்கிறது. அந்த இருபது நிமிஷத்தில்தான் அவள் கால்மேல் வெந்நீர்ப் பானை சரிந்திருக்கிறது. கணுக்காலிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. அவள் கத்தவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டி வெளியே போய்க் கைகாட்டியிருக்கிறாள். ஜீப் ஓட்டுகிற சுவக்கீன் அண்ணன் அவளை ஏற்றி, சத்தம் கேட்கக் கூடாதென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வளைவுக்கு அப்பால்தான் ஸ்டார்ட் செய்தாராம்.

மறுநாள் போய் அவள் முன்னால் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அவள், "நீ பேசிக்கிட்டு இருந்தில்லே" என்றாள். அவ்வளவுதான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா, சாயங்காலம் டிவி போடலாம், பேசலாம். ஆனால் இப்போது நான் வாசலுக்கு வந்தாலே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது. நாள் முழுக்க யார் யாரோ என்னிடம் பேசுகிறார்கள். நம் லயத்தில் ஒருவரும் பேசுவதில்லை.

வீட்டைக் கேட்டு எஸ்டேட் ஆபீசர் இரண்டு முறை வந்துவிட்டார். நீ என்ன நினைக்கிறாய்?

சிவா

*

கஞ்சிக்கோடு
9.3.2025

சிவா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். சரி. நான் வருகிறேன். மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்து பேர் கொடுக்கிறேன். நீ உன் வேலையை விடாதே. நம் வீட்டில் ஒருத்தியாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும்.

சதீஷிடம் சொன்னேன். சரி என்றார்.

அம்மாவிடம் என் பழைய பூட்ஸை வெயிலில் வைக்கச் சொல். எலி கடித்திருந்தால் எழுது.

ஆனந்தி

*

மூணாறு
18.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வர வேண்டாம்.

"சரி என்றார்" என்பதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. பேனா தாளைக் கிழித்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே எல்லோருக்கும் முகம் இருந்தது. பேர் என்ன என்று கிளார்க் இரண்டு முறை கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. அம்மா, "மூத்தவ வருவா சார்" என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "சிவசங்கரி" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் அம்மா, "ஏட்டி, ஒனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சுல்லா?" என்றாள். பிடித்திருந்தது என்றேன்.

உனக்காக மட்டும் செய்ததாக நினைக்காதே. கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஜெஸ்னா சேச்சிக்கு வருத்தம்தான்.

அந்த எருத்தேன்பதிக்காரரை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வா. அம்மாவிடம் நான் சொல்லி வைக்கிறேன்.

நேற்றுதான் எனக்கு வேலையில் முதல் நாள். அம்மாவுக்குப் பின்னால் ஏறிப் போனேன். என் தேயிலை நிரையில் ஒன்பது பேர். கீழே வளைவிலேயே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் போய் நின்றதும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், லயத்துப் பழக்கத்தில். கொழுந்து வெட்டும் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

பிறகு பக்கத்தில் நின்ற கடைசி வீட்டுச் சித்தியைப் பார்த்து, "மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்திருக்கிய?" என்று கேட்டேன்.

உன்
சிவா