அரங்கத்தில் போட்ட சடை

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் பேசினால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவீர்கள். அதனால் இதை உங்கள் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறேன்.

சஸ்காட்செவனின் ஜனவரிக் குளிரில், என் ஆட்டம் முடியும்வரை நீங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் ஹீட்டர் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு அரங்கத்தில் நீங்கள் எனக்குச் சடை போட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு ஆடும் டானிகாவின் அப்பா டெரில் எல்லா அப்பாக்களுக்கும் கேட்கும்படி, "என்ன வெய்ன், பியூட்டி பார்லர் எப்பத் தொறந்த? என் பொண்டாட்டிக்கும் ஒரு சடை போட்டு விடேன்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை.

போன வருடம் அவரேதான் என்னிடம், "பொம்பளப் பிள்ளைக்கு ஹாக்கி எதுக்கு? பல்லு போயிடும்" என்றார். அன்று நீங்கள், "அவன் கெடக்கிறான், நீ போய் ஆடு" என்றீர்கள். நான் ஆடினேன்.

நூலகத்தில் தேடிப் படித்தேன். பழைய கப்பல்களில் மாலுமிகள் ஒருவருக்கொருவர் சடை பின்னிவிட்டிருக்கிறார்கள். டெரில் கேட்டால் சொல்லலாம்.

அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் மருத்துவமனை வேலை. நானே பின்னினால் ஹெல்மெட்டுக்குள் அவிழ்ந்து கண்ணை மறைக்கிறது. போன வாரம் அப்படித்தான் ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பைத் தவறவிட்டேன். டானிகாவே, "எங்கப்பாவுக்குத் தெரியாம எனக்கும் பின்னிவிடச் சொல்லேன்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இந்தச் சனிக்கிழமை இறுதி ஆட்டம். முடியை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தால் கோச் பனித்தளத்தில் இறங்க விடமாட்டார். நான் பின்னாமல்தான் வருவேன். முதல் வரிசையில், எல்லா அப்பாக்களுக்கும் நடுவில், சீப்போடு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்