பொரிஉருண்டைக்குச் சோறு

காலையிலிருந்து கடையெல்லாம் பெயிண்ட் வாசனை. கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதிவிட வேண்டும் என்று முதலாளி போன வாரமே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று பெயிண்டர் அண்ணன் வந்து பலகையைக் கழற்றி வாசல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். மேல் வரி தமிழ். 'சேலை பாலிஷ், சாயம்' என்று எழுதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கீழ் வரி இங்கிலீஷ். அதில் பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. கடைசி வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும். டி, ஒய், ஐ, என், ஜி.

"பழைய எழுத்து மேலயே ஓட்டிடுப்பா" என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் திரும்பி வந்து பிரஷை எடுப்பதற்குள் நான் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். தையல் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். அம்மா உள்ளே சேலைகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஏன் ஒன்பதாவதோடு நின்றேன் என்று எல்லோரும் கேட்டார்கள். நீ கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. எழுந்து நின்று இங்கிலீஷ் பாடம் படிக்கச் சொன்னால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் வார்த்தையிலேயே வகுப்பு சிரிக்க ஆரம்பிக்கும். லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று நான் போகவில்லை. அம்மா ஒரு வாரம் திட்டினாள், அப்புறம் தான் வேலை செய்யும் இந்தக் கடைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, பாலிஷ் ஆகி வருவதை மடித்துச் சீட்டுக் கட்டுவது, இதுதான் என் வேலை. இங்கே யாரும் என்னை எழுந்து நின்று படிக்கச் சொல்வதில்லை.

மற்ற சிநேகிதிகள் என்னைப் பார்க்க வருவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்கள். நீ மட்டும் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய், உன் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு கடைக்கு வருவாய். அதில் ஒரு விளையாட்டு, உன் சித்தி பெண் சொல்லிக்கொடுத்தது. இணையத்தில் ஒரு பிராணியை எடுத்து வளர்க்க வேண்டும்.

"இது சின்னப் பசங்க விளையாட்டுடி" என்றேன்.

"நாம இன்னா கெழவிங்களா? தள்ளி உக்காரு."

நீலக் கலரில், நீளக் காதோடு ஒன்றை எடுத்தோம். பெயர் வைக்கத்தான் பாடுபட்டோம். நீ எதைத் தட்டினாலும் வேறு யாரோ வைத்துவிட்டார்கள் என்று வந்தது. அண்ணாமலை என்று தட்டினாய். அதுவும் போய்விட்டிருந்தது. "நம்ம ஊர்க்காரன் எவனோ முந்திக்கிட்டான்டி!" என்று நீ போனைத் திட்டியதைக் கேட்டு அம்மா உள்ளே சிரித்தாள். கடைசியில் நான்தான் மெதுவாகச் சொன்னேன், பொரிஉருண்டை. எழுத்துக் கூட்டித் தட்டினாய். உடனே ஏற்றுக்கொண்டது. "உலகத்துல ஒருத்தருக்கும் தோணலடி இது. உனக்குத்தான் தோணியிருக்கு" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாய். அன்று ராத்திரி வரை முதுகு எரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த விளையாட்டில் இல்லாதவர்களுக்குச் சும்மாவே சூப் ஊற்றுகிற ஒரு இடம் உண்டு. நீ அதற்கு அன்னதானம் என்று பெயர் வைத்தாய். கிரிவலப் பாதையில் வரிசையில் நிற்பது போல நாமும் தினமும் பொரிஉருண்டையைக் கூட்டிக்கொண்டு போய் நின்றோம். சூப்புதான் ஊற்றுவோம், ஆனால் நீ "சோறு போட்டாச்சு" என்றுதான் சொல்வாய். நமக்கு இருந்த ஒரே ஆசை அதன் கலரை மாற்றுவது. அதற்கு ஒரு மந்திர பிரஷ் கிடைக்க வேண்டும். நமக்குக் கிடைக்கவே இல்லை. உனக்கு அரக்குச் சிவப்பு வேண்டும். எனக்கு மயில் கழுத்து.

அந்த வருஷத் தீபத்துக்கு உன் வீடு நிறைய சொந்தக்காரர்கள். பத்து நாளுக்குப் போன் உன் கைக்கு வரவில்லை. பதினோராம் நாள் திறந்து பார்த்தால் பொரிஉருண்டையின் பெயருக்குக் கீழே, வழக்கமாகப் பசி என்று இருக்கிற இடத்தில், ஒரு புது வார்த்தை. நீ எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாய். நான் உன்னை முந்திக்கொண்டேன்.

"டையிங்" என்றேன்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"எங்க போர்டுல இருக்கறதுதான்டி. அதே எழுத்து. தினம் பாக்கறேனே. டையிங்னா சாயம் போடறது."

நீ எழுந்து வாசலுக்கு ஓடி, மேலே பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாய். திரும்பி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாய். "ஸ்கூலுக்குப் போறவ நானு. படிக்கறவ நீயி."

நான் சத்தமாக, தயங்காமல் படித்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

பொரிஉருண்டைக்குத் தானாகவே கலர் மாறப்போகிறது என்று நினைத்தோம். நடுவில் சோறு போட்டால் சாயம் பிடிக்காது என்றும் நானே சொன்னேன். சாயத் தொட்டியில் துணி இருக்கும்போது முதலாளி யாரையும் தொடவிடமாட்டார், அந்த ஞாபகத்தில் சொன்னது. நான்கு நாள் காத்திருந்தோம். தினமும் திறந்து பார்த்தோம். அரக்கா, மயில் கழுத்தா என்று சண்டை போட்டோம்.

ஐந்தாம் நாள் நீ வந்தாய், படி ஏறவில்லை. வெளியிலேயே நின்றாய்.

"இது அந்த டையிங் இல்லடி."

"பின்ன?"

"சாவறது. சாவக் கெடக்குதாம். இன்னிக்கு கிளாஸ்ல பாடத்துல வந்துச்சு. சாயம் போடறதுக்கு நடுவுல இன்னொரு ஈ வரணுமாம்."

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வகுப்பு முழுக்கச் சிரிக்கிற சத்தம் காதில் கேட்டது. நீ சிரிக்கவில்லை. படியேறி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அவசர அவசரமாக அன்னதானத்துக்குப் போனாய். ஒரு கிண்ணம் சூப் உள்ளே போனதும் அந்த வார்த்தை மாறியது. "பாரு, சாவல" என்றாய். அப்புறம் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய். "போர்டுதான்டி தப்பு. நீ சரியாத்தான் படிச்ச."

அந்த விளையாட்டில் எதுவுமே சாவதில்லை என்று பிறகு உன் சித்தி பெண் சொன்னாள். எத்தனை நாள் விட்டாலும் அந்த வார்த்தையோடு அப்படியே நிற்குமாம். "அப்ப எதுக்குடி தினம் சோறு போடணும்?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவாதுன்னா பட்டினி போட்டுடுவியா நீ?"

அடுத்த கோடையில் உனக்குக் கலர் வந்தது.

அதை முதலில் பார்த்தது நான். பத்தாவது ரிசல்ட் வந்த வாரம். இனிப்பு கொடுக்கக் கையை நீட்டினாய். என் கைக்குப் பக்கத்தில் உன் கை வேறு மாதிரி இருந்தது. அதுவரைக்கும் நாம் இருவரும் ஒரே கருப்பு.

"ஏய், இன்னாடி கிரீம் போடற?"

"ஒண்ணும் போடல. இது பாஸான கலரு."

எதிரில் பூ விற்கிற அக்கா, "பொண்ணு நல்லா வெளுத்துட்டா, இனிமே மாப்பிள்ளை பாக்கறது சுளுவு" என்றாள். நீ அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாய். எனக்கு உள்ளுக்குள் பொறாமை. தினமும் உன் கை பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். உதடு வெளுத்தது. நகம் வெளுத்தது. கடையின் மூன்று படியை ஏற நடுவில் ஒருமுறை நின்றாய். முழங்கையில் நீலமாகத் திட்டு. கேட்டதற்கு, "பெஞ்சுல இடிச்சிருப்பேன்" என்றாய்.

ஒரு சேலையில் சாயம் இறங்கியிருந்தால் அந்த நிமிஷமே முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அது என் வேலை. உன்னைப் பார்த்து, "நாளுக்கு நாள் கலர் ஏறுதுடி உனக்கு" என்றேன். நீ சந்தோஷப்பட்டாய்.

ஆடி மாதம் பள்ளியில் பிரேயரில் விழுந்தாய். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உடனே சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். ரத்தத்தில் புற்று என்று அம்மா என்னிடம் சொன்னபோது அவள் கையில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக இந்தப் பெண் வெளுத்திருக்கிறாள் என்று அங்கே டாக்டர் கேட்டாராம். "தெரியலைங்க" என்று உன் அம்மா அழுதாளாம். எனக்குத் தெரியும். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன். இந்த முறை எந்தப் போர்டின் மேலும் தப்பு இல்லை.

சென்னைக்குக் கிளம்பும் முன்பு கடைக்கு வந்து, சேலைக்குக் கட்டுகிற சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்னால் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாய். அம்மாவின் போனில் தினமும் திறந்து சூப் ஊற்றினேன். நீயும் அங்கிருந்து கூப்பிடுவாய். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் நீ கேட்டுவிடுவாய், "பொரிஉருண்டைக்கு சோறு போட்டியாடி?"

கடைசியாகக் கூப்பிட்டது ஐப்பசியில். தீபாவளிச் சேலைகள் மலையாகக் குவிந்திருந்தன. நான்கு நாளாக நான் அதைத் திறக்கவே இல்லை. உன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கேள்வி மட்டும் அதேதான்.

"போட்டேன்" என்றேன்.

"நல்லா இரு" என்றாய். அதற்கு முன் எப்போதும் நீ என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. இரண்டாம் நாள் செய்தி வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. திறந்தால் எந்த வார்த்தை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் ஆகிவிட்டது. சீட்டு மட்டும் என் ஊசிப் பெட்டியில் இருக்கிறது.

அண்ணன் வந்துவிட்டார். எழுதுவதை நிறுத்துகிறேன்.

இப்போது சாயங்காலம். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் போய் அவர் பின்னால் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அவர் டி எழுதி, ஒய் எழுதி, பிரஷைத் தோய்த்தார்.

"அண்ணே, அங்க ஒரு ஈ…" என்றேன்.

அவர் பலகையை உற்றுப் பார்த்தார். "எங்கம்மா? ஒட்டிக்கிச்சா?" என்று ஈர பெயிண்டில் ஈயைத் தேடினார்.

"பறக்கற ஈ இல்லண்ணே. எழுத்து. ஒய்க்கும் ஐக்கும் நடுவுல ஒரு ஈ வரணும். அது இல்லன்னா வேற அர்த்தம்."

"இம்மாம் நாளா இல்லாம ஓடுச்சே கடை?" அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். "அட, இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குதா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அது சொல்றத எழுதுப்பா" என்றார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

முழு வார்த்தையையும் நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அண்ணன் எழுதினார். இப்போது பலகை மேலே ஏறிவிட்டது. நீ வந்தால் வாசலில் நின்று சரிபார்க்கலாம்.

பிறகு அம்மாவிடம் போனை வாங்கினேன். சீட்டைப் பார்த்துத் தட்டினேன். அதே நீல உடம்பு, அதே காது. பெயருக்குக் கீழே அதே வார்த்தை. ஒரு வருஷமாக அங்கேயே நின்றிருக்கிறது. வாய்விட்டுப் படித்தேன். அர்த்தம் தெரிந்துதான் படித்தேன். அன்னதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிண்ணம் சூப் ஊற்றினேன். வார்த்தை மாறியது.

அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். போட்டேன்டி. இன்றைக்குத்தான் போட்டேன்.