பூட்டிய மன்றின் முன் பத்துத் தலைவர்

திருவளர்க. மேழிநாடு முழுதாளும் கோவேந்தர், முத்துத்துறைக் காவலர், விறற்கோதைப் பெருமாள் திருவடிகட்கு, கீழ்க்கடலின் கடைக்கோடியான வைலோவாத் தீவில் தூதனாயிருக்கும் அடியேன் காரி நம்பி தெண்டனிட்டு எழுதும் விண்ணப்பம். அரண்மனையும் குடிகளும் நெற்களமும் நலம் பெருகுக.

இத்தீவில் அரசு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதில்லை. பத்தொன்பது ஊர்த் தலைவர் மன்றில் கூடி, ஆளுக்கொரு சங்கிட்டுத் தம் விருப்பம் காட்டித் தம்முள் ஒருவரை ஆளவைப்பர். பத்துச் சங்கு எதிராக விழுந்தால் ஆள்பவர் எழுந்து போதல் வேண்டும். சென்ற முழுநிலா நாளில், நம்மோடு உடன்படிக்கை செய்து இங்கு ஆண்டுவந்த தமாருவுக்கு எதிராகப் பத்து விழுந்தன. செலாயி என்னும் பெண் தலைவி தேர்வானார். தமாரு இணங்கவில்லை, தலைவர்களை வெளியேற்றி, மன்றைப் பூட்டி, வேலாளரை நிறுத்தினார்.

பின்பு நம் கப்பலுக்கு வந்து, "உம் வில்லாளர் நாற்பதின்மரையும் தாரும். உம் வேந்தர் வாக்களித்திருக்கிறார்" என்றார். உடன்படிக்கையும் அவ்வாறே உள்ளது. "அவ்வாக்கு ஆள்பவர்க்கு உரியது. தாங்கள் ஆள்பவர்தாமோ என்பதை மன்று சொல்லட்டும்" என்றேன். அவர் கை வாளைத் தொட்டது. "இதற்கு உம் தலை உம் நாட்டிலேயே உருளும்" என்று சொல்லிப் போனார்.

மறுநாட்காலை எதிர்ச்சங்கிட்ட பத்துத் தலைவரும் பூட்டிய கதவின் முன் வெறுமணலில் அமர்ந்தனர். வேல்முனைகள் அவர் மார்புக்கு ஒரு முழத்தில் நின்றன. செலாயி வேலாளர் தலைவனை நோக்கி, "குத்துவதென்றால் என்னிலிருந்து தொடங்கு, அப்பா. நாளை உன் ஊருக்கு ஒரு குறை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்று கேட்டார். பின்னர் அவன் வேலை மணலில் கிடத்திவிட்டு, அவர்கள் பின்னே போய் அமர்ந்தான். மற்ற வேலாளரும் அமர்ந்தனர்.

தமாரு அன்றே படகேறி, தாங்கள் முன்னர் அளித்த கணையாழியோடு அங்கு புறப்பட்டுவிட்டார். தம்மை அரசரென்பார், போர்க்கலங்கள் கேட்பார். தந்தருளலாகாது. நம் வில்லாளர் தமாருவுக்குத் துணைநிற்பர் என்றஞ்சி, நம் கொடியைக் கண்டால் இங்குள்ள தாய்மார் பிள்ளைகளை வாரியெடுத்து உள்ளே ஓடுகின்றனர். தங்கள் வாக்கைத் தடுத்தவன் அடியேன் ஒருவனே. தண்டமும் எனக்கே ஆகுக, நாற்பதின்மருக்கு வேண்டா. சினந்த தங்கள் திருமுகத்தை நினைக்குந்தோறும் எழுத்தாணி வழுக்குகிறது.

இவ்வோலை கண்டவுடன் துறையிலிருந்து எக்கலமும் கீழ்த்திசை செல்லாதிருக்கத் திருவாணை பிறப்பித்தருள்க. முத்திரை கோணலாய் விழுந்தது. அடியேனுடையதே, ஐயம் வேண்டா.