மஞ்சள் விலாத் தவளை

செப்டம்பர் 12, 1995, செவ்வாய்

வாழைப்பழம் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு எழுத இதைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

கல்லூரியில் நான்கு வகுப்பு, அதற்கு மேல் இரண்டு கட்டு விடைத்தாள். மைசூரின் கோடியில் இருக்கும் ஹெப்பாள் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஃபேக்டரி விடுகிற நேரத்தில் உட்கார இடம் தேடுவது பேராசை. வீட்டுக்கு வந்தால் சமையலறை முழுக்கப் பழ ஈ. அழுகின பழத்தை ஜாடியில் போட்டு ஈ வளர்த்தால்தான் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் என் மரத்தவளைகளுக்குச் சாப்பாடு. இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, காபியில் விழுந்த ஈயை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார்.

"ஏம்புள்ள, வாழப்பழம் வாங்கறது நாம திங்கறதுக்கா, ஈ திங்கறதுக்கா?"

"தவள திங்கறதுக்குங்க."

சிரித்தார். நான் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. சேர்ந்த நாளிலிருந்து சிரிக்கிறார். அப்போது மகள் அஷ்வினி இடுப்பில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'கப்பெ அஷ்வினி' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். கப்பெ என்றால் கன்னடத்தில் தவளை. பெருமையாகத்தான் வந்து சொன்னாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 15, வெள்ளி

காட்டிலாகாவில் மறுபடியும் அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடி பிளிகிரி மலையில் போலீஸ் கெடுபிடி. எப்போது தளரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. போன மாதம் பெரியம்மா வீட்டுக்கு மேட்டூர் போகும்போது பாலாறு செக்போஸ்டில் என் பையைத் துழாவி, டார்ச்சையும் ஃபார்மலின் பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். தவளை பிடிக்க என்றேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஆக, கையில் இருப்பது போன வருஷம் ஜூன் மழையில் பிடித்ததுதான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தவளை, பச்சை முதுகு, விலா இரண்டிலும் மஞ்சள் பட்டை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் கைடு முரளிதரன் சார் லென்ஸை வைத்து அரைநாள் பார்த்துவிட்டு, "இது புதுசு, மாதேவி" என்றார். ஐந்து தவளைகள் ஸ்பிரிட் பாட்டிலில். அவற்றில் ஒன்றைப் பிடித்தபோது அதன் பக்கத்தில் ஒரே இலையில் ஒட்டியிருந்த முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலைப்பிரட்டை ஆகாமல் முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளிவரும் வகை. அரிசி மணி அளவில் வந்தவை இப்போது வளர்ந்துவிட்டன. காட்டுக்குப் போகமுடியாதவளுக்குச் சமையலறைதான் காடு.

செப்டம்பர் 23, சனி

புதுத் தவளையைப் பற்றிய கட்டுரையின் புரூஃப் அடுத்த மாதம் வரும் என்று பத்திரிகையிலிருந்து தகவல். சார் யுனிவர்சிடி டிபார்ட்மெண்டில் எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார். மார்ச்சில் ஓய்வு பெறப்போகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு புது இனம்கூட அவர் பெயரில் வந்ததில்லை.

பெயரும் அவர் தனக்குக் கேட்கவில்லை. போன வருஷம் அவர் மனைவி காரியம் முடிந்து திரும்பி வந்த அன்று, மேசையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "சுலோசனா பேர் வெக்கலாமா? உனக்கு ஆட்சேபணை இல்லைன்னா." எனக்கு என்ன ஆட்சேபணை? கட்டுரையில் அந்தப் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன்.

செப்டம்பர் 30, சனி

தேர்வு மேற்பார்வை. கால் வீக்கம். தவளைகளுக்கு இவர்தான் தீனி போடுகிறார்.

அக்டோபர் 5, வியாழன்

ரொம்ப நாள் கழித்து இன்று தொட்டியை நிதானமாகப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பதினொன்றில் நான்கு பெரிதாகியிருக்கின்றன. நல்ல தீனி என்று முதலில் நினைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். விலாவில் மஞ்சள் இல்லை. முதுகு காப்பி நிறம், கண்ணுக்குப் பின்னால் கறுப்புக் கோடு. இந்தத் தவளையை எனக்குத் தெரியும். டிபார்ட்மெண்ட் அலமாரியில், சார் நாற்காலிக்குப் பின்னால், பழைய பாட்டிலில் இருப்பது. வெள்ளைக்காரர் காலத்திலேயே பெயர் வாங்கிய பெரிய காப்பித் தவளை.

அது எப்படி என் தொட்டிக்குள் வந்தது?

அக்டோபர் 6, வெள்ளி

இவரிடம் கத்திவிட்டேன். தொட்டி கழுவும்போது தோட்டத்திலிருந்து எதையோ பிடித்து உள்ளே விட்டீர்களா, செத்ததை மறைக்க வேறு எதையாவது போட்டீர்களா என்று — என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டேன்.

"நா எதுக்குப் புள்ள போடறேன்? நைட் ஷிஃப்ட்டு முடிச்சுட்டு வந்து தூங்காம ஈ புடிச்சுப் போட்டனே, அதுக்கு இதுவா?" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சீ. என்ன பொம்பளை நான். அந்தத் தவளை மைசூரிலேயே கிடையாதே. அவர் நினைத்தாலும் எங்கே போய்ப் பிடிப்பார்? இது எனக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றார். விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பகல் முழுக்க யோசனை. ஒரே இலை, ஒரே முட்டைக் கூட்டம், ஒரே தொட்டி. அதிலிருந்து இரண்டு வகை. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது: ஒன்று ஆண், ஒன்று பெண். பாட்டிலில் இருக்கும் என் ஐந்தும் ஆண். அதை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பெண் ஏன் ஒன்றுகூட அகப்படவில்லை என்று ஒரு நாளாவது கேட்டேனா? அதே புதரில் காப்பித் தவளையும் உட்கார்ந்திருந்தது. அதுதான் தெரிந்ததாயிற்றே என்று தாண்டிப் போய்விட்டேன். சத்தம் போடுவது ஆண்தான், சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் தேடுகிறோம். வாயை மூடிக்கொண்டு இருந்தவளை யார் பார்த்தது?

அலமாரிப் பாட்டிலில் இருக்கும் பழைய காப்பித் தவளை எட்டும் பெண்ணாக இருந்தால் முடிந்தது கதை, புது இனமே இல்லை. அதை அறுக்கச் சாரின் அனுமதி வேண்டும்.

அக்டோபர் 10, செவ்வாய்

புரூஃப் வந்துவிட்டது. அச்சில் அந்தப் பெயர், சாய்ந்த எழுத்தில். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சார் கோபப்படவில்லை, முதலில். "நோடு, இங்க பாரு மாதேவி, முட்டை எடுக்கும்போதே ரெண்டு கூட்டம் கலந்திருக்கும். இருட்டு, மழை. இது எல்லார்க்கும் ஆகறதுதான்."

"ஒரே இலை சார்."

"கிச்சன்ல வளத்ததை ஆதாரம்னு யார் ஒத்துக்குவா?"

பழைய எட்டை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அப்போதுதான் முகம் மாறியது. "அது நூறு வருஷத்து பாட்டில். உன் சந்தேகத்துக்கு எல்லாம் அறுக்க முடியாது. புரூஃப் நவம்பர் பத்துக்குள்ள போகணும். நீ போ."

பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். கலந்திருக்குமோ? கலந்திருக்கக்கூடாதா? கலந்திருக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்? யார் எங்கள் தவளையைத் தேடி வரப்போகிறார்கள்?

அக்டோபர் 16, திங்கள்

என்னைக் கண்டால் சார் வேறு வழியாகப் போகிறார்.

அக்டோபர் 24, செவ்வாய்

தீபாவளி முடிந்த கையோடு சூரிய கிரகணம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. தீபாவளிக்கு அம்மா இருக்கும் ஹனூர் போகவில்லை. தொட்டியை யாரிடம் விடுவது? அம்மா வருத்தப்பட்டாள். இவர் மட்டும் அஷ்வினியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார்.

எனக்கு அசதியாக இருக்கிறது. உடம்பு அசதி இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. பேசாமல் புரூஃபை அனுப்பிவிட்டால் பட்டம் வரும், சார் நிம்மதியாக ஓய்வு பெறுவார், பழ ஈ ஒழியும். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அக்டோபர் 28, சனி

சார் மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டு வந்தேன். "கட்டுரை போவதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் சார். என்னால் முடியவில்லை." வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். "அப்ப இத்தன வருசமும்?" என்று கேட்டார். அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போறேன், பழம் வாங்கோணுமா?" என்றார்.

நவம்பர் 5, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சார். ரெயின்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

உட்காரக்கூட இல்லை. "எட்டும் பெண்ணு, மாதேவி" என்றார். "நேத்து நானே அறுத்தேன். முப்பது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடிதான் இருந்திருக்கு."

காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்து, தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் பாலை வைத்துவிட்டுத் திரும்பினால் சார் அசையவில்லை. இலைமேல் காப்பித் தவளை. அதன் முதுகில் மஞ்சள் விலாக்காரன், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இத்தனை நாள் இல்லாதது, மழைக்கென்று இன்று.

பால் பொங்கி வழிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அணைக்கவில்லை. இவர் வந்து அணைத்தார்.

சார் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. முட்டை ஒவ்வொன்றாக இலையில் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் இதை பாட்டில்ல மட்டும்தான் பாத்திருக்கேன்" என்றார். அப்புறம், என்னிடம் இல்லை, தனக்குத்தானே: "புருஷன் பொண்டாட்டிய ரெண்டு ஜாதின்னு எழுத இருந்தோம்."

இவர் சாப்பிடக் கூப்பிட்டார். "சோறும் பருப்பும்தானுங் சார், கைய கழுவீட்டு வாங்க." வந்து உட்கார்ந்தார். மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 7, செவ்வாய்

பத்திரிகைக்குச் சாரே கடிதம் எழுதினார். நான் தட்டச்சு செய்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். புரூஃபில் அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் அவரே பேனாவால் அடித்தார். பக்கத்துக்குக் குறுக்கே ஒரே கோடு அடித்தால் போதும். அவர் ஒவ்வொன்றாக அடித்தார்.

நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சரியானதைத்தான் செய்தேன். சுலோசனா என்று ஒரு தவளை இருந்திருக்கலாம், அதை இல்லாமல் ஆக்கியது நான். இரண்டும் உண்மை. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் போயிற்று. இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

நவம்பர் 22, புதன்

முட்டைக்குள் கறுப்பாக அசைகிறது. எல்லாம் நல்ல முட்டை. சாரிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் கதவு வரை போன பிறகு கூப்பிட்டார்.

"மாதேவி, ஒரு ஜோடி எனக்குக் குடுப்பியா?"

"டிபார்ட்மெண்டுக்கா சார்?"

"இல்ல. வீட்டுக்கு. வீட்ல சத்தமே இல்ல."

நவம்பர் 26, ஞாயிறு

சின்னத் தொட்டி ஒன்று, ஈ ஜாடி, ஒரு சீப்புப் பழம். இவர்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பழம் அழுகும்வரை காத்திருக்கவேண்டும் என்று சாருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். சார் எழுதிக்கொண்டாராம்.

டிசம்பர் 5, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயம் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து. தலைவலி. கல்லூரியில் விடைத்தாள் வேறு.

காலையில் டிபார்ட்மெண்டில் சாரைப் பார்த்தேன். "ராத்திரி பூரா கத்தினான் மாதேவி, தூக்கமே இல்ல" என்றார். நன்றாகத் தூங்கி எழுந்த முகமாகத்தான் இருந்தது.