ஆறரை மணி ஜெபம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். "அன்புள்ள" என்பது அவராகப் போட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மற்றபடி நான் சொல்வதில் ஒரு வார்த்தை குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வெட்டுவது அவர் தொழில் அல்லவா. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். உன் விலாசம் அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் கிடைத்தது.

இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். பேச்சு இல்லை, எழுதக் கை இல்லை. உனக்கு அவள் கடிதம் நின்றுபோனது அதனால்தான். சாப்பாடு நான் ஊட்டுகிறேன். உப்பு கூடினால் துப்பிவிடுகிறாள். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆறரை ஆனால் இடது கையால் கட்டிலைத் தட்டுகிறாள். ஜெப நேரம். இத்தனை வருஷமும் அவள் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். இந்த வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. இப்போது நான் ஜெபிக்க வேண்டுமாம்.

போதகரிடம் போய், ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றேன். "பெரியவரே, இதுக்கு என்ன பாடம்? பெத்த அப்பாகிட்ட பேசுற மாதிரி பேசுங்க" என்றார். "ஐயா, எங்க அப்பாகிட்ட நான் பேசினது மொத்தமே நாலு தடவை. நாலுக்கும் அடிதான் விழுந்துச்சு" என்றேன். சிரித்துவிட்டு ஒரு ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். எனக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்கு ஞாபகமில்லை.

பஸ் பணிமனையில் முப்பத்தாறு வருஷம், எந்த நட்டு எந்தத் தட்டில் என்று மனசிலேயே வைத்திருந்தவன் நான். அவள் விழுந்ததற்கு முந்தின நாள் ஜெபித்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கிக் கொடுத்த பணிமனை வேலையை உதறிவிட்டு நீ போன அன்று, உன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றேன். பதினோரு வருஷம் அவள் என்னிடம் எடுக்கவில்லை. ஆண்டவரிடம் எடுத்தாள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாக. ஜெபத்தை யார் தடுப்பது? "ஆண்டவரே, அவனுக்குப் பையன் பொறந்திருக்கான், மூணு கிலோ, ஸ்தோத்திரம்." "ஆண்டவரே, வீடு மாறிட்டான், மூணாவது மாடி, மருமகளுக்கு மூச்சு வாங்குதாம்." உன் கடிதங்கள் முழுக்க இப்படித்தான் என் காதில் விழுந்தன. என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு, கடைசியில். அது வரும் நாளில் ஆமென் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன்.

ஆக, ஒப்பிக்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, சின்னவளுக்கு மூணு நாளா காய்ச்சல், தொட்டு குணமாக்கும்" என்றேன். சரியாகத்தான் போனது. அதே வேகத்தில், "என் வீட்டுக்காரர் வீம்பை உடைச்சுப்போடும், கண்ணை மூடறதுக்குள்ள அவரே மகனைக் கூப்பிடணும்" என்று என் வாயாலேயே வந்துவிட்டது. நிறுத்தினேன். அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். வாயில் பாதிதான் சிரித்தது. பிறகு கட்டிலைத் தட்டினாள், மறுபடி சொல் என்று.

தினமும் அதையேதான் சொல்கிறேன். வேறு ஜெபம் எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக ஒரே காய்ச்சலைச் சொன்னால் ஆண்டவருக்கே அலுத்துவிடும். உன் சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? அதற்குப் பிறகு என்னென்ன நடந்தது? எழுதினால் தையல்காரர்தான் படித்துச் சொல்ல வேண்டும், தெருவுக்கே தெரிந்துவிடும். அதையும் அப்படியே எழுதும் என்றேன், முகம் சுளித்துக்கொண்டு எழுதுகிறார். நேரில் வந்து சொல்வது நல்லது.

வந்தால் ஆறரைக்கு முன்னால் வா. ஜெபிப்பது எனக்கு ஒரு மாதிரி பழகிவிட்டது. ஆனால் ஜெபித்தவரே ஆமென் சொல்வது இந்த வீட்டில் வழக்கமில்லை. அவளுக்கோ பேச்சு வரவில்லை. ஓர் ஆள் குறைகிறது.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
இடது பெருவிரல் ரேகை