பொன்னுருக்குவதற்கு முன்

அன்புள்ள உங்களுக்கு,

கலியாணப் பதிவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா உங்கள் வீட்டில் சொன்னது நாள் சரியில்லாததால் அல்ல. நான் ஏற்கெனவே ஒருமுறை பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தவள்.

நான்கு வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒருவர் வந்து, விசா அலுவலுக்காக என்னோடு கலியாண எழுத்தை மட்டும் முடித்துவிட்டுப் போனார். தாலி அடுத்த வருடம் என்றார்கள். ஆறு மாதத்தில் அவருடைய அழைப்புகள் நின்றன. இரண்டு வீட்டாரும் பேசி விலகியதோடு எல்லாம் முடிந்ததென்று நானும் நம்பினேன். அல்லது, நம்ப விரும்பினேன்.

நேற்று யாருக்கும் சொல்லாமல் நயினாதீவிலிருந்து படகேறி, ஊர்காவற்றுறையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன்.

“தாலி ஏறாட்டிலும் சட்டப்படி நீர் அவரின்ரை மனுசிதான். விவாகரத்து எடுக்காமல் இன்னொருத்தரைக் கட்டினால் குற்றம், பிள்ளை. ரெண்டு பேரும் சம்மதிச்சால் மட்டும் காணாது, வழக்குப் போடவேணும்,” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன்.

“தாலி ஏறாமல் என்ன கலியாணம்? வாயைத் திறவாமல் இரு.”

அம்மா கலியாணப் பலகாரச் சூட்டுக்கு வரச்சொல்லி அயலுக்குச் சொல்லிவிட்டார்.

உங்களிடம் மறைத்தது அப்பாவின் பிழை மட்டுமல்ல. நீங்கள் தந்த புத்தகங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய எனக்கு, இந்த ஒரு வசனம் மட்டும் வரவில்லை.

வழக்கு எத்தனை வருடம் இழுபடுமோ தெரியாது. காத்திருங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை உங்கள் வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். நகைப் பத்தர் நெருப்பு மூட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்களுடையவள் என்று எழுத இன்னும் முடியாத
நான்