செவலைப் பசுவின் கருப்பையும் நின்றுபோன முகாமும்

அனுப்புநர்
அ. வசந்தாமணி,
க/பெ. அர்த்தநாரி,
கரட்டுப்புதூர், எருமப்பட்டி வழி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
நாமக்கல்.

பொருள்: கறவை மாடுகளுக்கு வரும் கருப்பைச் சீழ் நோய் – நின்றுபோன மருத்துவ முகாமை மீண்டும் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் செவலைப் பசுவுக்கு முந்தைய ஈற்றில் நஞ்சுக்கொடி விழவில்லை. ஊர் ஊராக வந்து சினை ஊசி போடும் தனியார் ஒருவர், உறை அணியாத கையை உள்ளே விட்டு அதைப் பிடுங்கி எடுத்தார். அதன் பின் மாடு தீனி எடுக்கவில்லை. வாலில் சீழ் ஒட்டிக் காய்ந்தது. கொட்டகைக்குள் நுழைய முடியாத நாற்றம். தேறிய பிறகும், மாடு பருவத்துக்கு வந்த ஒவ்வொரு முறையும் சினை ஊசி போட்டோம்; சினை நிற்கவில்லை. என் கணவர் அடிமாட்டு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார்.

2. அந்த வாரத்தில்தான் முகாம் நடந்தது. கால்நடை மருத்துவர் மைதிலி அவர்கள் தோள்வரை உறை அணிந்து, கண்களை மூடிக்கொண்டு சோதித்தார்கள். "கருப்பையில சீழ் தேங்கி நிக்குதுங்க. மலடெல்லாம் இல்லீங்க. அவசரப்பட்டு வித்துறாதீங்க" என்றார்கள். உள்ளே மருந்து செலுத்தினார்கள். அடுத்த பருவத்தில் ஊசி வேண்டாம் என்று தடுத்தார்கள். அதற்கும் அடுத்த பருவத்தில் செவலை போட்ட வழும்பு, பருவத்தில் வடியும் அந்தக் கோழை, கண்ணாடி போல் தெளிந்து இறங்கியது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகே ஊசி போட்டார்கள்.

3. பின்னொரு முகாமில் ஸ்கேன் செய்தார்கள். ஐயா, அன்று கண்டதைச் சரியாக எழுத எனக்குத் தெரியவில்லை. சிறிய திரையில் கறுப்பாக நீர் தெரிந்தது. அதன் நடுவே அவரைக்கொட்டை போல ஒன்று. அதற்குள் ஒரு பொட்டு மின்னி மின்னித் துடித்தது. "இது நம்ம செவலைக்குள்ளயாங்க இருக்குது?" என்று என் கணவர் கேட்டார். "ஆமாங்க, கன்னுக்குட்டியோட இருதயங்க" என்றார் மருத்துவர். என் கணவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். அழுகிவிட்டது என்று நாங்கள் மூக்கைப் பொத்திய இடத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. தை மாதம் செவலை கிடாரிக் கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி தானாக விழுந்தது.

4. மருத்துவர் அவர்கள் மாறுதலாகிப் போன பின் இங்கே முகாம் இல்லை. அந்தத் தனியார் ஆள் மட்டும் தவறாமல் வருகிறார். பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி கணவரை இழந்தவர். ஒரே மாட்டின் பாலை ஊற்றி மகளைப் படிக்க வைக்கிறார். அந்த மாட்டுக்கும் இப்போது அதே சீழ், அதே நாற்றம்.

5. ஆகவே முகாமையும் ஸ்கேன் கருவியையும் மாதம் ஒருமுறையாவது எங்கள் ஊருக்கு அனுப்பவும், பயிற்சியற்றவர்கள் மாட்டின் கருப்பைக்குள் கைவிடுவதைத் தடுக்கவும் பணிந்து வேண்டுகிறேன்.

நேற்று அடிமாட்டு வியாபாரி தமிழ்ச்செல்வி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "டாக்டர் வருவாங்க, பொறு சாமி" என்று நான் தமிழ்ச்செல்வியிடம் சொன்னேன். என்னை நம்பி அவர் வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சொல்லைத் தாங்கள்தான் காப்பாற்றித் தர வேண்டும்.

இடம்: கரட்டுப்புதூர்
நாள்: 14.07.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
அ. வசந்தாமணி